சேட்டையியல்: வலப்பனைக் குரங்கும் ஹரி ஹாவாவும் குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வு எழுதப் புகுவோர் முன்னோரை வணங்கிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது மரபு. சேட்டையியலில் முன்னோர் குறைவு என்பதால் வணக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். அமெரிக்காவில் மார்க் ஓ'டொனல் என்பவர் 1980இல் 'எஸ்குயர்' சஞ்சிகையில் கார்ட்டூன் உலகின் இயக்க விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். மலை விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் ஓடும் பிராணி, காலுக்குக் கீழே தரை இல்லை என்பதை உணரும்வரை விழாது என்பது அவற்றுள் தலையாயது. தமிழில் இத்துறையின் பிதாமகர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார். மரபியலில் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றின் பெண்ணையும் மந்தி என்று சொல்லலாம் என அனுமதி கொடுத்தார். சிரிப்புக்கும் இலக்கணம் சொன்னவர், குரங்குக்கும் இலக்கணம் சொன்னவர், இரண்டையும் ஒரே இயலில் சேர்க்காமல் போய்விட்டார். அந்த இடைவெளியில்தான் இக்கட்டுரை குந்தியிருக்கிறது.

கருதுகோள் இது: கார்ட்டூன் படத்துச் சேட்டைப் பிராணிக்குரிய இலக்கணங்கள் அத்தனையும் இலங்கை மலையகத்து வலப்பனைத் தோட்டப்புறத்துக் குரங்குக்குப் பொருந்தும். ஒன்றே ஒன்று பொருந்தாது. அந்த ஒன்று கட்டுரையின் பிற்பகுதியில் வரும். அவசரக்காரர்கள் நேரே அங்கே தாவலாம், குரங்கும் அப்படித்தான் செய்யும்.

மூலபாடமும் பாடபேதமும்

மூலபாடம் 1940 ஜூலை 27இல் வெளியானது. வார்னர் பிரதர்ஸுக்காக டெக்ஸ் ஏவரி இயக்கிய 'எ வைல்ட் ஹேர்' என்ற குறும்படம். எல்மர் ஃபட் என்ற வேட்டைக்காரன் துப்பாக்கியும் கையுமாகக் காட்டுக்குள் பூனைநடை போடுகிறான். முயலோ கரட்டை மென்றபடி பின்னால் வந்து நின்று அவனிடமே விசாரணை நடத்துகிறது. பக்ஸ் பனி என்று உலகம் அறிந்த முயல் முழு உருவம் பெற்றது இப்படத்தில்தான் என்பது அறிஞர் துணிபு. அதே ஆண்டு பெப்ரவரியில் டொம் அண்ட் ஜெரி வரிசையின் முதற்படமும் வந்துவிட்டது; அப்போது பூனைக்கு டொம் என்ற பெயர்கூட இல்லை, ஜாஸ்பர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடத்தில் இரண்டு ஸ்டூடியோக்கள் இரண்டு பிராணிகளை அவிழ்த்துவிட்டன. போர் ஐந்தாண்டில் ஓய்ந்தது. பிராணிகள் ஓயவில்லை.

இலங்கைப் பாடபேதம் பின்னால் வந்தது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே மொழிமாற்றுப் பிரிவைக் கட்டி எழுப்பியவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்துக்குப் படத்தொகுப்புச் செய்தவர். அப்படிப்பட்ட மனிதர் உட்கார்ந்து முயலுக்குச் சிங்களம் கற்றுக்கொடுத்தார். அதுதான் 'ஹா ஹா ஹரி ஹாவா'. மொழிபெயர்ப்பு என்று அதைச் சொன்னால் தொட்டவத்தவுக்கு அநியாயம். அந்த முயல் புரூக்ளினை விட்டு வந்து தென்னிலங்கைச் சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்து வளர்ந்ததுபோலப் பேசியது.

இது எங்கள் ஆய்வுக்கு ஏன் முக்கியம்? வலப்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் படித்தது தமிழ்ப் பாடசாலையில். சிங்களம் அவர்களுக்கு இரண்டு ஆசிரியர்களிடம் கிடைத்தது: ஒருவர் பஸ் கண்டக்டர், மற்றவர் முயல். இருவரின் சிங்களமும் வேகமானது, மரியாதை குறைந்தது. முயலிடம் படித்த சிங்களத்தைக் கச்சேரியில் போய்ப் பேசினால் காரியம் நடக்காது என்பதைப் பிற்காலத்தில் பலரும் அனுபவத்தில் அறிந்தனர். ஆனால் அடி விழும்போது மொழி வேண்டியிருக்கவில்லை. இரும்புச்சட்டி தலையில் விழுந்தால் லயத்தில் தமிழில் சிரிப்பார்கள், கீழே நில்தண்டாஹின்னப் பக்கம் கிராமத்தில் சிங்களத்தில் சிரிப்பார்கள், சத்தம் ஒன்றுதான்.

தொலைக்காட்சிக் கருவி பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் அது கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரி தீர்ந்தால் ராகலை டவுனுக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ரூபவாஹினியின் கோபுரம் நிற்பது பிதுருதலாகலையில்; நாட்டிலேயே உயர்ந்த மலை, 2,524 மீற்றர். எங்களுக்கு அது பக்கத்து வீடு. ஆனாலும் விளக்கடி இருட்டு என்பதற்கு எங்கள் பள்ளத்து லயமே சான்று. தகரக் கூரையில் ஒரு மூங்கிலை நட்டு, உச்சியில் அன்டெனாவைக் கட்டி, அதை ஒருவன் திருப்ப, உள்ளே இருந்து பத்துப் பேர் கத்துவார்கள். "வந்துருச்சா?" "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் மேல!" "இப்ப?" "ஐயோ, இருந்ததும் போச்சு!" கடைசியில் முயல் வந்து கரட்டைக் கடிக்கும் நேரம் பார்த்து, கூரைமேல் தடதடவென்று ஒரு கூட்டம் ஓடும். அன்டெனா மதுரையைப் பார்த்துத் திரும்பிவிடும். திரையில் பனி கொட்டும்.

கார்ட்டூன் பிராணியை அசல் பிராணி மேடையைவிட்டு இறக்கிய இந்நிகழ்வைத்தான் சேட்டையியலின் தொடக்கப்புள்ளியாக இக்கட்டுரை கொள்கிறது.

பதவி வெற்றிடம்

வலப்பனையில் ஏன் முயலே அந்தச் சேட்டைப் பிராணி வேலையைப் பார்க்கக்கூடாது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? இலங்கைக் காட்டில் இருப்பது வளை தோண்டாத காட்டுமுயல். பக்ஸ் பனியோ வளையில் குடியிருந்து, வாசலில் தலைநீட்டி வம்பு வளர்ப்பது. எங்கள் முயல் இரவில் வந்து, போஞ்சிக் குருத்தைக் கடித்து, விடிவதற்குள் போய்விடும் சங்கோசி. பார்வையாளரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடிக்கும் தகுதி அதற்குக் கிடையாது. ஆக, பதவி வெற்றிடமாக இருந்தது. விண்ணப்பித்தது குரங்கு.

விண்ணப்பதாரரின் தகைமைகள் வருமாறு. அறிவியற் பெயர் மக்காக்கா சினிக்கா, சிங்களத்தில் ரிலவா, தமிழில் செங்குரங்கு. பெயரில் சீனம் இருந்தாலும் உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. உயர்மலைப் பகுதியில் வாழ்வது தனி உள்ளினம். உச்சந்தலையில் மயிர் வட்டமாகச் சுழன்று தொப்பி வைத்ததுபோல் இருக்கும். பழைய துரைமார் ரவுண்ட் வரும்போது வைத்திருந்த தொப்பியை வயதானவர்களுக்கு அது நினைவூட்டும். இரு கன்னத்திலும் பை உண்டு. உல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் பொலன்னறுவையில் இவற்றோடு வாழ்ந்து, ஒவ்வொன்றையும் முகம்பார்த்து அடையாளம் காணும் அளவுக்குப் போனவர். இவற்றின் கூட்டத்தில் மேல்நிலை, கீழ்நிலை கறாராக உண்டு என்றும், மேல்நிலைக் குரங்கு கீழ்நிலைக் குரங்கின் கன்னப்பையைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும் என்றும் பதிவுசெய்திருக்கிறார். இதைப் படித்த தோட்டத்து முதியவர் யாரும் வியப்படைய மாட்டார்கள். கங்காணிக் காலத்தை அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தகைமைச் சான்றிதழ் கலிபோர்னியாவிலிருந்தே வந்திருக்கிறது. மிக்கி மவுஸை வளர்த்த டிஸ்னி நிறுவனம், 'மங்கி கிங்டம்' என்ற படத்தை 2015இல் வெளியிட்டது. பொலன்னறுவைக் குரங்குகள்தாம் நடிகர்கள். கோடு போட்டு வண்ணம் தீட்டிச் சேட்டைப் பிராணி செய்வதில் உலகத்துக்கே வாத்தியாரான நிறுவனம், இங்கே வந்து கமராவை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தது. வரைய வேண்டிய தேவை இருக்கவில்லை.

கரட் விடயத்தில் ஒப்புமை இன்னும் நெருக்கமானது. பக்ஸ் பனிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் ஒலிப்பதிவின்போது கரட்டைக் கடித்து, மென்று, அடுத்த வசனம் பேச வேண்டியதால் துப்பிவிடுவார். வலப்பனைக் குரங்கும் கரட்டைப் பிடுங்கும், ஒரு கடி கடிக்கும், எறியும், அடுத்ததைப் பிடுங்கும். பிளாங்குக்கு வசனம் இருந்தது. குரங்குக்கு என்ன அவசரம் என்று கேட்டால், மரக்கறித் தோட்டத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்வார்கள்: பாத்திக்கு அந்தப் பக்கம் அப்பாயி தடியோடு வருகிறார்.

1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை வைத்து ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டபோது இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார். கரட்டும் லீக்ஸும் கோவாவும் இந்த மலையில் ஊன்றிவிட்டன. கார்ட்டூனுக்கு வேண்டிய மேடைப்பொருளை வெள்ளைக்காரர் முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டார் என்பதே சேட்டையியல் நோக்கில் பேக்கரின் பங்களிப்பு.

போர்க்கருவிகள்

இவ்வியலுக்குக் குறிஞ்சித் திணையில் முன்மாதிரி உண்டு. தினைப்புனத்தில் பரணமைத்து, கவணும் தட்டையும் குளிரும் கொண்டு தலைவி கிளி ஓட்டிய செய்தி சங்கப் பாடல்களில் நிறைய. நம் உரைகாரர்கள் அதைக் காதலுக்கு வாய்ப்பான சூழல் என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விளைச்சல் எவ்வளவு மிஞ்சியது என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

வலப்பனையில் இன்று புழங்கும் கருவிகள்: பிஸ்கட் டின்னும் கம்பும், கவண், அலிவெடி, வலை, கயிற்றில் தொங்கும் பழைய சீடி, வெருளி. டின் சத்தத்துக்குக் குரங்கு முதல் வாரம் ஓடும். இரண்டாம் வாரம் திரும்பிப் பார்க்கும். மூன்றாம் வாரம் சத்தம் வரும் திசையில் ஆள் இருக்கிறார், ஆகவே எதிர்த்திசைப் பாத்தி காலி என்று புரிந்துகொள்ளும். அலிவெடி யானைக்கென்று செய்தது. அதைக் குரங்குக்குப் போட்டால் முதலில் எழும்புவது பிள்ளைக்காம்பராவில் தூங்கும் குழந்தைகள். வெருளிக்குத் தேர்தல் காலத்தில் கிடைத்த டீ-சேர்ட்டைப் போட்டுப் பார்த்தார்கள். குரங்கு அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது. டீ-சேர்ட்டில் சிரித்த முகத்துக்கு மேலே இன்னொரு முகம். எந்தக் கட்சி என்று எழுதுவது ஆய்வு நடுநிலைக்கு ஒவ்வாது.

இங்கே கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸின் கோட்பாடு துணைக்கு வருகிறது. ரோட் ரன்னர் படங்களில் பறவையைத் துரத்தும் கொயோட்டிக்குப் பகை அந்தப் பறவை அல்ல, தன் சொந்த முட்டாள்தனமும் தபாலில் வரவழைத்த ஆக்மி கம்பனிச் சாமானும்தான் என்று அவர் விதி வைத்திருந்தார். அலிவெடியையும் சீடியையும் பார்க்கும்போது ஆக்மிக்கு இலங்கையில் கிளை உண்டு என்றே கொள்ள வேண்டியுள்ளது.

ஆயினும் கருவியியலின் உச்சம் வலப்பனையில் நிகழவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடர்பு கொண்டது என்று வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். நாடு முழுவதும் மின்சாரம் போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றது. அடுத்த இரண்டு நாளும் நேர அட்டவணை போட்டு மின்வெட்டு. கார்ட்டூனில் பிராணி மின்கம்பியைத் தொட்டால் அதன் எலும்புக்கூடு பளிச்சென்று தெரியும். இங்கே தெரிந்தது மின் கட்டமைப்பின் எலும்புக்கூடு. கடற்கரையோரத்துக் குரங்கு ஒன்று செய்த காரியத்தால் மலையில் கடைசி லயம்வரை இருண்டது. வலப்பனைக் குரங்குகளின் தொழில் கௌரவம் அன்று சற்றே அடிவாங்கியிருக்கும்.

ஐந்து நிமிட முறையியல்

அரசாங்கம் ஆராய்ச்சியில் பின்தங்கிவிடவில்லை. 2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணி முதல் 8.05 வரை நாடளாவிய கணக்கெடுப்பு. பயிருக்குக் கேடு செய்யும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் முதலியவற்றைத் தத்தம் காணியில் நின்று மக்களே எண்ண வேண்டும். எ வைல்ட் ஹேர் படமே எட்டு நிமிடம் ஓடும். எல்மர் ஃபட்டுக்கு ஒரு முயலைக் கண்டுபிடிக்கக் கொடுத்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் ஒரு தேசம் தன் குரங்குகளை எண்ணி முடித்தது. செங்குரங்கு மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று விடை வந்தது.

முறையியல் மீது எமக்கு ஒரு சிறு ஆட்சேபம். 8 மணிக்குத் தோட்டத்தில் பெரட்டு முடிந்து ஆட்கள் மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். லயத்தில் இருப்பவர்கள் கண்பார்வை மங்கிய முதியோர். அவர்கள் எண்ணினார்களா, குரங்குகள் அவர்களை எண்ணினவா என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எண்ணிக்கை என்ற பேச்சு வந்ததால் ஒரு கிளைக்குறிப்பு. குரங்கை எண்ண ஐந்து நிமிடம் எடுத்த நாடு, மலையகத் தமிழரான எங்களை எண்ண எடுத்தது ஐம்பத்தைந்து வருடம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை 2003இன் சட்டம்தான் ஒருவாறு தீர்த்து வைத்தது. நடுவில் 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் ஒரு இலட்சம் செங்குரங்கைச் சீனத்து மிருகக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தபோது எங்கள் பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதன் காரணம் இதுதான். அப்பிராணிகளுக்காகச் சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அனுப்பப் போவதில்லை என்று அரச தரப்பு சொன்னது. நல்ல முடிவு. மகிழ்ச்சி. அந்தப் பிரிப்பால் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களுக்காக அப்படி வழக்குப் பேசி நிறுத்தியவர் யார் என்று கேட்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பொருந்தாத ஒன்று

இனி வாக்களித்த இடத்துக்கு வரலாம். சக் ஜோன்ஸ் பக்ஸ் பனிக்கும் ஒரு விதி வைத்திருந்தார். முயல் ஒருபோதும் தானாக வம்புக்குப் போகாது. அது தன்பாட்டில் இருக்கும். யாராவது வந்து சீண்டுவார்கள். அதற்குப் பிறகுதான் போர். இவ்விதியால்தான் சுத்தியல் அடியைப் பார்த்து மனச்சாட்சி உறுத்தாமல் நாம் சிரிக்கிறோம். சீண்டியவன் வாங்குகிறான், கணக்கு நேராகிறது.

வலப்பனைக் குரங்கும் தன்பாட்டில்தான் இருந்தது. காட்டை வெட்டிக் கோப்பி போட்டது குரங்கல்ல. கோப்பி நோயில் செத்ததும் தேயிலை போட்டதும் குரங்கல்ல. சீண்டல் நடந்தது உறுதி. அப்படியானால் கார்ட்டூன் நீதிப்படி அடி யார் தலையில் விழ வேண்டும்? சீண்டியவர் தலையில். அவர் ஸ்டர்லிங் கம்பனியாக இருந்து, எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்ததும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு அரச கூட்டுத்தாபனம் வந்தது, 1992இல் மீண்டும் கம்பனிகள் வந்தன. காட்சி மாற மாற வேட்டைக்காரன் உடை மாற்றிக்கொண்டான். குரங்குக்கு முகவரி தெரியவில்லை. அது லயத்துக்கு வந்தது.

இதில் தேயிலையின் சாமர்த்தியம் ஒன்றுண்டு. கொழுந்தைக் குரங்கு சீண்டுவதில்லை. ஆகவே தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் குரங்கு என்ற பெயரில் நட்டமே கிடையாது. நட்டம் இல்லாததற்குச் செலவு எழுத முடியாது, காவலுக்கு ஆள் போட முடியாது. பங்களாவுக்குக் காவற்காரரும் நாயும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குப் பின்னால், தோட்டத்துக்குச் சொந்தமான நிலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்திப் போட்ட இரண்டு பாத்தி போஞ்சிக்கும் கிழங்குக்கும் ஒன்றும் இல்லை. பயிர்ச்சேத இழப்பீடு பற்றி விசாரிக்கப் போனால் முதற்கேள்வி காணி உறுதி எங்கே என்பது. எங்களிடமும் இல்லை. குரங்கிடமும் இல்லை. இரண்டு தரப்பும் அனுமதியில்லாத நிலத்தில் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. உறுதி வைத்திருப்பவர் பார்வையாளர் வரிசையில் இருக்கிறார்.

அதோடு, எல்மர் ஃபட்டின் முகத்தில் வெடி வெடித்தாலும் அடுத்த காட்சியில் அவன் முகம் பழையபடி இருக்கும். சிரிப்புக்கு அந்த உத்தரவாதம் அவசியம். தொல்காப்பியர் சொன்ன நான்கு களனும் அந்த உத்தரவாதத்தின் மேல்தான் நிற்கின்றன என்பது எமது துணிபு. உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறிய இடம். பிடுங்கி எறிந்த கரட் அடுத்த காட்சியில் மண்ணுக்குள் திரும்புவதில்லை. அன்றைய ராத்திரி ரொட்டிக்குச் சம்பல் மட்டும்தான். ஓட்டையான தகரத்தில் மழை வந்தால் சட்டி வைக்கத்தான் வேண்டும்.

அப்பாயிடம் கேட்டால் கோபமே இருக்காது. "அதுக்கும் வயிறு இருக்கில்லய்யா" என்பார். சொல்லிவிட்டு டின்னை எடுத்துக்கொண்டு எழும்புவார். சேட்டையியல் இந்த மனநிலைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

தீர்ப்பு: ஹரி ஹாவாவைவிட வலப்பனைக் குரங்கு திறமையான கலைஞர், ஆனால் அவருக்கு எதிரே தவறான நடிகரை நிறுத்தியிருக்கிறார்கள். இதைத் திருத்துவது குரங்கின் வேலை அல்ல.

விவசாய அமைச்சுக்கு ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த கணக்கெடுப்பைக் காலை 8 மணிக்கு வைக்காதீர்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு வாருங்கள். குரங்கை எண்ணி முடித்ததும் அந்தப் படிவத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, பாத்தியில் என்ன மிச்சம் என்பதையும், அந்தப் பாத்தி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அதற்கும் ஐந்து நிமிடம் போதும்.